மனநோயோடு வாழ்பவர்களுக்கு ஊருக்குள் ஒரு வீடு: எல்லையோரக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரம், சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய. ரேஷன் கார்டு கேரளத்தில் இருக்கும், பெண் கொடுத்த இடம் பொள்ளாச்சியில் இருக்கும், பெரிய ஆஸ்பத்திரி என்றால் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறுவோம். வீட்டில் ஒருவருக்கு மனநோய் என்று வந்துவிட்டால் இந்த எல்லை இரண்டு பக்கமும் இடிக்கும். மனநோயோடு வாழ்பவர்கள் ஊருக்குள் ஒரு வீட்டில் குடியிருக்கத் துணை நிற்பது எங்கள் வேலை. குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம்.

சமூக இல்லம் என்றால் காப்பகம்தானே?

இல்லை. சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீடு. அதில் நாலைந்து பேர் சேர்ந்து குடியிருப்பார்கள். மனநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பவர்கள், போக வீடு இல்லாதவர்கள், வீடு இருந்தும் அங்கே இருக்க முடியாதவர்கள். சமையல், துணி, கடை கண்ணி எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். உதவிக்கு ஒரு பணியாளர் உண்டு. சில வீடுகளில் அவர் இரவும் பகலும் கூடவே இருப்பார், சில வீடுகளில் நாளுக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பதோடு சரி. டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் எல்லோரையும் போல ஆஸ்பத்திரிக்குப் போய் டோக்கன் எடுப்பார்கள்.

ஹாஃப்வே ஹோம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே சில மாதம் தங்கிப் பழகிவிட்டுக் கிளம்ப வேண்டும். கிளம்பி எங்கே போவது என்பதுதான் பலருக்குச் சிக்கலே. சமூக இல்லத்தில் அப்படிக் கெடு எதுவும் கிடையாது. வேண்டும் வரை இருக்கலாம்.

இது எங்கள் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. சென்னையில் 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் தொடங்கிய ‘தி பேனியன்’ அமைப்பு, 2015 முதல் ‘ஹோம் அகெய்ன்’ என்ற பெயரில் இப்படி வீடுகளை நடத்துகிறது. நீண்டகாலம் வார்டில் இருந்தவர்கள் அங்கிருந்து வாடகை வீடுகளுக்குக் குடிபோனார்கள். தமிழ்நாட்டைத் தாண்டிக் கேரளத்துக்கும் அது வந்திருக்கிறது.

யார் இப்படிக் குடிவருகிறார்கள்?

பெரும்பாலும் மனச்சிதைவு (இல்லாத குரல் காதில் கேட்பது போன்றவை), இருதுருவ மனநோய் (மனம் அளவுமீறி எழும்புவதும் ஒரேயடியாகச் சோர்வதுமாக மாறி மாறி வருவது) போன்ற கடுமையான நோயோடு பல காலம் மல்லாடியவர்கள். பெங்களூரில் இருக்கும் தேசிய மனநல நிறுவனமான நிமான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் கேரளமும் தமிழ்நாடும் சேர்ந்திருந்தன. பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக் கொஞ்சம் மேல் ஏதோ ஒரு மனநலச் சிக்கலோடு இருக்கிறார்கள் என்றது அது. கடுமையான மனநோய் என்று எடுத்தால் 0.8 சதவீதம்தான். அவர்களிலும் பலர் மாத்திரை போட்டுக்கொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டு, குடும்பத்தோடே இருக்கிறார்கள். உங்கள் தெருவிலும் இருப்பார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்காது. நோயோடு வறுமையும் தனிமையும் சேர்ந்துகொண்டவர்களுக்குத்தான் இந்த வீடு.

எங்களுக்கு வயதாகிவிட்டது. எங்களுக்குப் பிறகு பிள்ளையை யார் பார்ப்பார்கள்?

எங்களிடம் வரும் பெற்றோரில் இதைக் கேட்காதவர் இல்லை. அறுபது, எழுபது வயதில், கையில் பழைய மருந்துச் சீட்டுக் கட்டோடு வந்து உட்காருவார்கள். சிலர் இதைக் கேட்டு முடிக்கும் முன்பே அழுதுவிடுவார்கள்.

நீங்கள் இருக்கும்போதே தொடங்குங்கள் என்பதுதான் எங்கள் பதில். அம்மா தவறிய மறுநாள், தெரியாத வீட்டுக்கு, தெரியாத ஆட்களோடு போகச் சொன்னால் யாரால் தாங்க முடியும்? முதலில் பகலில் வந்து சாப்பிட்டுப் போகட்டும். அப்புறம் ஒரு ராத்திரி தங்கட்டும். நீங்கள் ஊருக்குப் போகும்போது நாலு நாள் இருக்கட்டும். இப்படி ஓரிரு வருஷம் பழகியவருக்கு, நாளைக்கு அது நிரந்தர வீடாகும்போது இடம் புதிதாக இருக்காது.

கூடவே ஒரு நோட்டு போடுங்கள். எந்த மாத்திரை ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை, நோய் கூடும்போது முதலில் என்ன தெரியும், கோபம் வந்தால் என்ன சொன்னால் அடங்கும், எந்தச் சாப்பாடு பிடிக்கும், பேங்க் பாஸ்புக் எங்கே, ஆதார் எங்கே. இத்தனையும் அம்மாக்களின் தலைக்குள்தான் இருக்கிறது. எழுதி வைக்கா விட்டால் அவர்களோடு போய்விடும்.

சட்டப்படியும் ஒரு வேலை செய்யலாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவின்படி, சிகிச்சை விஷயத்தில் தனக்குத் துணையாக ஒருவரை உங்கள் மகனோ மகளோ தாமே நியமிக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். அண்ணன்தான் என்று இல்லை, நம்பிக்கையான சிநேகிதராகவும் இருக்கலாம்.

சொத்து பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம். ‘அவனுக்கு எதுக்கு, அவனுக்கு ஒன்றும் தெரியாது’ என்று பாகத்தை மற்ற பிள்ளைகள் பேருக்கு எழுதி வைப்பது இங்கே சகஜம். மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவர் புத்தி சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிடமாட்டார், அதைக் கோர்ட் சொல்ல வேண்டும் என்கிறது அதே சட்டம். குடும்ப வீட்டில் வாழும் உரிமையும் அவருக்கு உண்டு. அதற்கு அரசு சட்ட உதவி தர வேண்டும் என்று 19ஆவது பிரிவில் இருக்கிறது. இலவசச் சட்ட உதவிக்கு 15100.

பெற்ற பிள்ளையை வெளியில் விடுவது பாவமில்லையா?

பாவமில்லை. அண்ணனும் தங்கையும் தனிக்குடித்தனம் போவதில்லையா? மனநோய் உள்ளவர் மட்டும் நாற்பது வயதிலும் அப்பா அம்மாவின் அறையை ஒட்டிய திண்ணையிலேயே இருக்க வேண்டும் என்று ஏன் நினைக்கிறோம்? தனி வீடு போன பிறகு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கிக்கொண்டு வந்து பார்க்கும் உறவு, பல குடும்பங்களில் முன்னைவிட நன்றாகவே இருக்கிறது. வந்து பார்ப்பதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

நோய் தெளிந்தவர்கள் ஏன் இன்னும் ஆஸ்பத்திரியிலேயே கிடக்கிறார்கள்?

அழைத்துப் போக ஆள் இல்லாததால்தான். குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வெளியில் தங்க இடமில்லை என்ற காரணங்களுக்காக ஒருவரை மனநல மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. சமூகத்துக்குள் இல்லங்கள் அமைப்பது அரசின் பொறுப்பு என்றும் சொல்கிறது. சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. வீடுகள் அந்த வேகத்தில் வரவில்லை. இதை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், பஞ்சாயத்து மெம்பரிடமிருந்து எம்எல்ஏ வரைக்கும்.

அந்த வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகும்?

எல்லார் வீட்டிலும் போகிற மாதிரிதான். ஆனால் அங்கே வந்து சேர ஒரு தூரம் இருக்கிறது.

நீண்டகாலம் வார்டில் இருந்துவிட்டு வந்த ஓர் அக்கா, வந்த புதிதில் பாத்ரூம் போகக்கூடப் பணியாளரிடம் அனுமதி கேட்பார். தட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்பது போல அடுப்படி வாசலில் நிற்பார், பின்னால் யாருமே இல்லாதபோதும். ராத்திரி விளக்கை அணைக்கலாமா என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை சுவிட்சில் கை வைத்தபடியே நிற்பார். வீட்டுச் சாவியைக் கொடுத்தபோது வாங்கவே இல்லை. மேஜையில் வைத்துவிட்டோம். சில வாரம் அது அங்கேயே கிடந்தது. ஒரு நாள் காணோம். பார்த்தால் அவர் இடுப்பில், முந்தானை முடிச்சில் இருந்தது.

இப்போது சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவதும் அவர்தான். குழம்பில் புளி ஜாஸ்தி என்று கூட இருப்பவரோடு சண்டையும் போடுவார். ‘இன்னிக்கு நான் சமைக்க மாட்டேன் போ’ என்று படுத்தும் விடுவார். அந்தச் சண்டையைக் கேட்கும்போது எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? தன் வீட்டில் இருப்பவர்தானே புளி பற்றிச் சண்டை போட முடியும்.

மருந்தை யார் கொடுப்பார்கள்? போடாமல் விட்டால்?

எடுத்துக்கொள்வது அவர்தான், ஞாபகப்படுத்துவது நாங்கள். கிழமை எழுதிய மாத்திரை டப்பாவில் வாரத்துக்கு ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து பிரித்து வைப்போம். தினமும் மாத்திரை பிடிக்காதவர்களுக்கு, டாக்டர் ஒத்துக்கொண்டால், சில வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுப்பதை மட்டும் நாங்கள் ஒருபோதும் செய்வதில்லை. தெரிய வந்தால் அன்றோடு சோற்றின் மீதும் நம்பிக்கை போய்விடும்.

இந்தப் பக்கத்து வெயிலுக்கென்று ஒரு எச்சரிக்கை. மார்ச், ஏப்ரலில் பாலக்காடு கொதிக்கும். இருதுருவ மனநோய்க்குத் தரும் லித்தியம் மாத்திரை எடுப்பவர்களுக்கு உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். கை நடுக்கம் அதிகமாவது, வயிற்றுப்போக்கு, வாந்தி, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது தெரிந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. மூட்டுவலிக்குக் கடையில் டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் வாங்கிப் போடுவதும் லித்தியத்தின் அளவை இதேபோல் ஏற்றிவிடும். மனச்சிதைவுக்குத் தரும் க்ளோசபின் எடுப்பவர்களுக்கு வெள்ளணுக்களைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. காய்ச்சல், தொண்டை வலி வந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கள்ளும் சாராயமும் இந்த மருந்துகளோடு ஒத்துப்போகாது. சித்தூர் பக்கம் கள்ளுக்கடைக்குக் குறைவில்லை என்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எடை கூடுவதும் சர்க்கரை வருவதும் பல மருந்துகளில் நடக்கும். வருஷத்துக்கு ஒருமுறையாவது சர்க்கரையும் கொழுப்பும் பார்த்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். ஆபத்து இல்லையா?

இதைக் கேட்பவர்கள் மீது எங்களுக்குக் கோபமில்லை. சினிமாவில் காட்டுவதெல்லாம் கத்தியைத் தூக்கும் ஆட்களைத்தானே. மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் யாரையும் அடிப்பதில்லை, அவர்கள்தான் அதிகம் அடி வாங்குகிறார்கள், ஏமாற்றப்படுகிறார்கள். சந்தேகம் இருந்தால் வீட்டுக்கு வாருங்கள், டீ குடித்துவிட்டுப் போங்கள். புது வீட்டுக்கு முதலில் வந்து பேசுவது பெரும்பாலும் எதிர்வீட்டுப் பாட்டிகள்தான். கறிவேப்பிலை கேட்டுப் போகிற பழக்கம் தொடங்கிவிட்டால் எங்கள் விளக்கம் எதுவும் தேவைப்படுவதில்லை. ஒரு ராத்திரி சத்தம் கேட்டால் போலீஸைக் கூப்பிடும் முன் பணியாளரைக் கூப்பிடுங்கள். அவருடைய நம்பரைப் பக்கத்து வீடுகளுக்கு நாங்களே கொடுத்துவைப்போம்.

மறுபடி நோய் கூடினால் வீட்டைவிட்டு அனுப்பிவிடுவீர்களா?

மாட்டோம். ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருந்தால் சேருவார், திரும்பி வரும்போது அவருடைய கட்டில் அவருக்கே இருக்கும். நோய் கூடக் குறையத்தான் இருக்கும். அதற்கேற்ப உதவியைக் கூட்டலாம், குறைக்கலாம், வீட்டைப் பறிக்கக் கூடாது. எந்த இல்லம் ‘ஒரு தடவை பிரச்சினை பண்ணினால் அனுப்பிவிடுவோம்’ என்று சொல்கிறதோ, அங்கே இருப்பவர் தன் காதில் குரல் கேட்கிறது, தூக்கம் வரவில்லை என்பதை வெளியில் சொல்லவே மாட்டார். முற்றிய பிறகுதான் தெரியவரும்.

நன்றாக இருக்கும்போதே, நோய் கூடினால் எனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிப் பதிந்து வைக்க மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 5ஆவது பிரிவு இடம் தருகிறது. இங்கே இதைச் செய்தவர்கள் மிகக் குறைவு. செய்யுங்கள்.

நாங்கள் தமிழ்நாடு. தம்பி கேரளத்தில் இல்லத்தில் இருந்தால் காகிதங்களுக்கு என்ன செய்வது?

மனநோய், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவக் குழு சான்றளித்தால்தான் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டை நாடு முழுக்கச் செல்லும். ஆனால் மாத உதவித்தொகை மாநிலத்தின் பணம், எந்த மாநிலத்தில் குடியிருப்போ அங்கேதான் கிடைக்கும். ஆகவே இருப்பிடத்தை மாற்றும் முன், எந்தப் பக்கம் என்ன நின்றுபோகும், எந்தப் பக்கம் என்ன கிடைக்கும் என்று கேட்டுவிட்டு மாற்றுங்கள். இந்தப் பக்கம் அக்ஷயா சென்டரிலும் அந்தப் பக்கம் இ-சேவை மையத்திலும் விசாரிக்கலாம். முன்னுரிமை ரேஷன் அட்டைக்கான தானியத்தை ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் இரண்டு பக்கமும் வாங்க முடியும்.

காகிதத்தைவிடப் பெரியது பேச்சு. டாக்டர் மலையாளத்தில் கேட்க, இவர் தமிழில் தயங்கித் தயங்கிச் சொல்ல, ‘நோயாளி சரியாகப் பேசவில்லை’ என்று சீட்டில் ஏறிவிடும். காதில் கேட்கும் குரலைப் பற்றிப் பேசுவது தாய்மொழியிலேயே கஷ்டம். முதல் சில முறையாவது இரண்டு மொழியும் தெரிந்தவர் கூடப் போக வேண்டும். இரவு பகல் எந்நேரமும் பேச, மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. தமிழ், மலையாளம் இரண்டிலும் பேசலாம்.

பஸ் ஸ்டாண்டில் ஒருவர் கிழிந்த துணியோடு தனக்குத்தானே பேசிக்கொண்டு இருக்கிறார். என்ன செய்வது?

தண்ணீரும் சாப்பாடும் கொடுத்துப் பேச்சுக் கொடுங்கள். அப்புறம் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லுங்கள். தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் திரியும் ஒருவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது அவர்கள் கடமை என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவு சொல்கிறது. லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால் காணாமல் போனவர் என்று எஃப்ஐஆர் போட்டுக் குடும்பத்தைத் தேட வேண்டும். எக்காரணம் கொண்டும் லாரியிலோ ரயிலிலோ ஏற்றி எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிடாதீர்கள். அப்படி ஏற்றிவிடப்பட்டவர்கள் மொழி தெரியாத ஊரில் பல வருஷம் தொலைந்து போகிறார்கள். ஊர்ப் பெயர் சொல்லத் தெரியாதவர்களைப் புதிதாக ஆதார் எடுக்க அழைத்துப்போய், கைரேகை வைத்ததும் பழைய ஆதார் இருப்பது தெரிந்து, அதன் வழியே குடும்பம் கிடைத்த கதைகள் உண்டு.

கோயிலிலோ தர்காவிலோ கொஞ்ச நாள் கட்டி வைத்தால் சரியாகும் என்கிறார்களே?

கும்பிடப் போங்கள், மந்திரித்துக்கொள்ளுங்கள், அது உங்கள் நம்பிக்கை. மருந்தை நிறுத்தாதீர்கள். கட்டி வைப்பது மட்டும் கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலை ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் சட்டம் தடை செய்திருக்கிறது.

செலவுக்கு என்ன வழி?

வாடகை, மளிகை, கரண்ட், பணியாளர் சம்பளம், இந்த நாலும்தான் பெரியவை. முடிந்தவர்கள் தங்கள் வருமானத்திலிருந்தோ உதவித்தொகையிலிருந்தோ வீட்டுச் செலவுக்குப் பங்கு போடுவார்கள். முடியாதவர்களுக்கு நன்கொடைதான். பேங்க் கணக்கு அவரவர் பேரில், ஏடிஎம் கார்டு அவரவர் கையில் இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டில் உடல் நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் தர வேண்டும் என்பது சட்டம். மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் தரும் ‘நிராமயா’ காப்பீடு மனநோய்க்குப் பொருந்தாது, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு போன்றவற்றுக்கு மட்டும்தான். அதற்காக அலையாதீர்கள்.

வேலைக்குப் போக முடியுமா?

பலர் போகிறார்கள். தென்னந்தோப்பு, பால் சொசைட்டி, ஓட்டல், தையல். இல்லத்துக்காகச் செய்யும் வேலைக்கும் கூலி உண்டு, கட்டாயம் கிடையாது.

ஓர் இல்லத்தைப் பார்க்கப் போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

சொல்லாமல் போங்கள், சாப்பாட்டு நேரத்தில் போங்கள். உங்களை உள்ளே விடத் தயங்கினால் அதுவே பாதி பதில். அங்கே இருப்பவர்களுக்குத் தலைமுடி இருக்கிறதா, ஒரே மாதிரி துணியா, அவரவர் துணியா என்று பாருங்கள். மொட்டையடிப்பதும் சீருடை மாட்டுவதும் சட்டப்படி தவறு. பாத்ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டா? ஜன்னலோரம் யாருடைய பொருளாவது, ஒரு சாமி படமோ சீப்போ, தன்னுடையது என்று இருக்கிறதா? போன் பேச விடுகிறார்களா? ஆட்களைச் சேர்த்து வைத்துப் பராமரிக்கும் இடம் என்றால் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் கேளுங்கள், காட்டத்தான் வேண்டும். முக்கியமாக, நடத்துபவர் இல்லாத நேரத்தில் அங்கே குடியிருப்பவரிடம் பேசுங்கள். ‘இங்கே பிடிக்கவில்லை என்றால் யாரிடம் சொல்வீங்க?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பயமில்லாமல் பதில் வந்தால் நல்ல இடம்.

எங்களிடம் ஒரு வீடு சும்மா கிடக்கிறது. வாடகைக்குத் தரலாமா?

தாராளமாக. பஸ் நிறுத்தமும் மளிகைக் கடையும் நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். ஊருக்கு வெளியே தோப்புக்குள் பெரிய பங்களா வேண்டாம், இலவசமாகக் கொடுத்தாலும். இரண்டு மூன்று அறை, நல்ல தண்ணீர், வெளியில் உட்கார ஒரு திண்ணை இருந்தால் போதும். வழக்கமான வாடகையும் அட்வான்ஸும் வாங்கிக்கொள்ளுங்கள், மற்ற குடித்தனக்காரர்களிடம் போடுகிற அதே 11 மாத ஒப்பந்தம் போடுங்கள். இவர்களுக்கென்று தனியாக ஒரு நிபந்தனையும் எழுத வேண்டாம். வீட்டைப் பார்க்க, அங்கே குடிவரப் போகிறவர்களையும் அழைத்து வருவோம். அவர்களுக்குப் பிடித்தால்தான் அட்வான்ஸ்.